பந்தைப் பறிக்காவிட்டாலும் ஒரு புள்ளி: அல்சூர்ப் பக்கத்து ஹாக்கி தடுப்பாட்ட வகுப்பு எப்படி?

இந்த வகுப்பில் பந்தைப் பறித்தால் ஒரு புள்ளி. பறிக்காமல், எதிராளியை ஐந்து விநாடி முன்னேற விடாமல் நிறுத்தி வைத்தாலும் அதே ஒரு புள்ளி. ஃபவுல் செய்தால் இரண்டு புள்ளி போய்விடும். முதல் ஞாயிறு இதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மூன்றாவது ஞாயிறு வாக்கில் சிரிப்பு அடங்கி, எல்லார் முழங்காலும் தானாக மடங்கியிருக்கிறது.

பெங்களூரில் ஹாக்கி சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. சாந்தி நகர் பக்கம் அக்கித்திம்மனஹள்ளி மைதானம் இருக்கிறது, இந்திய அணி முகாம் போடும் சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) மையமும் இதே ஊர்தான். ஆனால் கோடை முகாம் என்றால் ட்ரிப்ளிங், ஹிட், ஷாட் என்றே நாள் ஓடிவிடும். பின்னால் நிற்கும் பிள்ளைக்கு “போய் அடைடா” என்பதைத் தாண்டி ஒன்றும் கிடைக்காது. அந்தக் குறையைப் பார்த்துத்தான் தடுப்பாட்டத்துக்கு மட்டும் என்று இந்த எட்டு வார வகுப்பைத் தொடங்கியிருக்கிறார்கள். அல்சூர், சிவாஜி நகர், ஃப்ரேசர் டவுன் வீடுகளிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் போகிறார்கள். ஞாயிறு காலை 6.30 முதல் 8.30 வரை, 12 வயது முதல் 17 வரை, பதினாறு பேர், இரண்டு பயிற்சியாளர்கள், கட்டணம் 6,000 ரூபாய். வகுப்பின் பெயர் இங்கே வேண்டாம். குறைகளை நேரில் சொல்லியாகிவிட்டது, திருத்திக்கொள்ள அவகாசம் கொடுப்போம்.

முதல் வகுப்பில் பந்தே கிடையாது. நிற்பதும் நகர்வதும்தான். இடது கால் முன்னே, வலது கால் அரையடி பின்னே, பாதங்களுக்கு நடுவே தோளகலம். இடுப்பு இறங்கியிருக்க வேண்டும், முதுகு வளையக் கூடாது. மட்டையின் தலை டர்ஃபை, அதாவது செயற்கைப் புல்தரையை, தொட்டபடி இருக்க வேண்டும். குதிகால் தரையில் அழுந்தினால் தோற்றோம் என்று வைத்துக்கொள்ளலாம், அங்கிருந்து திரும்ப ஒரு முழு விநாடி போய்விடும். இரண்டு பாதமும் ஒரே கோட்டில் நின்றால் பந்து கால்களுக்கு நடுவே போகும். மட்டையை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றால் அது இறங்குவதற்குள் பந்து அடியில் நழுவிவிடும். இந்த மூன்று பிழைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருத்துகிறார்கள். பதினாறு பேருக்கு இரண்டு பேர் என்பதால்தான் அது நடக்கிறது.

அடுத்தது நெருங்கும் விதம். பிள்ளைகள் செய்வது ஒன்றுதான்: பந்தை வைத்திருப்பவனைப் பார்த்ததும் முழு வேகத்தில் ஓடிப்போய் விழுவது. அவன் பந்தை ஒரு சாண் நகர்த்தினால் போதும், ஓடி வந்தவன் அவனைத் தாண்டி ஓடிக்கொண்டேயிருப்பான். இங்கே டர்ஃபில் கூம்பு வைத்துக் கற்றுத்தருகிறார்கள். முதல் பத்து மீட்டர் பாய்ச்சல். எதிராளிக்கு மூன்று நான்கு மீட்டர் இருக்கும்போது அடிகளைச் சிறிதாக்கி வேகத்தைக் கொல்ல வேண்டும். கடைசியில் கை நீட்டினால் மட்டையின் முனை பந்தைத் தொடும் தூரத்தில் நின்று, அவன் வரும் வேகத்துக்கே பின்னோக்கி நகர வேண்டும். கண் பந்தின்மேல். தோளை அசைப்பான், தலையைத் திருப்புவான், அதெல்லாம் நாடகம். பந்து பொய் சொல்லாது.

பயிற்சியாளர் ஓயாமல் சொல்லும் வார்த்தை “விழாதடா, நில்லுடா.” பெண் பிள்ளைகளுக்கு “விழாதம்மா.” எட்டு வாரத்துப் பாடத்தில் பாதி இதற்குள் அடங்கிவிடும். நாம் நிறுத்தி வைக்கும் ஐந்து விநாடியில் நம் ஆட்கள் இரண்டு பேர் திரும்பி வந்துவிடுவார்கள். நாம் விழுந்துவிட்டால் கீப்பருக்கு முன்னால் யாருமில்லை. புள்ளிக் கணக்கு இதைப் பிரசங்கம் இல்லாமலே புரியவைக்கிறது. வகுப்பின் மிகச் சிறந்த அம்சம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வோம்.

இரண்டாவது, மூன்றாவது வாரம் ஜாப். இடது கை மட்டும், பிடியின் நுனியில். மட்டையின் தட்டை முகம் மேலே பார்க்க, தலை தரையை ஒட்டிப் போய்ப் பந்தின் அடியைக் குத்தி, அதே வேகத்தில் திரும்பி வர வேண்டும். பல்லி நாக்கை நீட்டி இழுப்பதுபோல. வெளியே போவதைவிட உள்ளே வருவது வேகமாக இருக்க வேண்டும். ஜாப் பந்தைப் பறிப்பதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் இரண்டு ஜாப் பெரும்பாலும் மிரட்டல்தான். பந்து வைத்திருப்பவன் தலை குனிகிறான், வேகம் குறைகிறது, பாஸ் கொடுக்க நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பந்து அவன் மட்டையை விட்டு ஓர் அங்குலம் விலகும் கணத்தில் போகும் ஜாப்தான் உண்மையானது.

இங்கே தவறு எங்கே வருகிறது என்றால், வலது கை பிடியை விடுவதில்லை. இரண்டு கையாலும் குத்தினால் எட்டும் தூரத்தில் பாதி போய்விடும். அடுத்த தவறு, மட்டையோடு உடம்பும் சேர்ந்து போவது. எடை பின்காலிலேயே இருந்தால்தான் ஜாப் தவறினாலும் பின்வாங்க முடியும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பயிற்சி எளிமையானது: மூன்று மீட்டர் அகலப் பாதை, இருபக்கமும் கூம்பு, ஒருவர் கடக்க வேண்டும், ஒருவர் தடுக்க வேண்டும், அதே புள்ளிக் கணக்கு. ஒரு முறைக்குப் பத்து விநாடி, பிறகு ஆள் மாற்றம். பெற்றோர்கள் வீட்டு மொட்டை மாடியில்கூட வைத்துப் பார்க்கலாம், டென்னிஸ் பந்து போதும்.

நான்காவது வாரம் மட்டையைப் படுக்கவைத்துத் தடுப்பது. எதிராளி நம் வலப்பக்கமாகக் கடக்கும்போது முழங்கால் மடக்கி மட்டை முழுவதையும் தரையில் கிடத்தினால் ஏறக்குறைய மூன்றடி நீளத்துக்கு ஒரு வரப்பு கிடைக்கும். தரையில் கிடத்துவது என்றால் தலையை மட்டும் அல்ல. இடது கை உயர்ந்திருந்தால் பிடிப்பக்கம் இடைவெளி விழும், பந்து அந்த ஓட்டையில்தான் போகும். கை முட்டி டர்ஃபை உரசும் அளவுக்கு இறங்க வேண்டும். மணல் டர்ஃப் ஆனதால் தோல் உரிகிறது, இடது கைக்குக் கையுறை இல்லாமல் பிள்ளையை அனுப்பாதீர்கள். சேர்க்கைத் தாளில் ஷின் கார்டும் பல்காப்பும் கட்டாயம் என்று போட்டவர்கள், கையுறையை ஏன் விட்டார்கள் என்று தெரியவில்லை. மட்டையை வீசக் கூடாது, வைக்க வேண்டும் என்பதையும் அழுத்தமாகச் சொல்கிறார்கள். வீசினால் பந்துக்குப் பதில் எதிராளியின் மட்டையிலோ கணுக்காலிலோ படும். டி-க்குள் (கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டத்துக்குள்) அப்படிப் பட்டால் பெனால்ட்டி கார்னர், அதாவது பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளி எதிரணி கோலுக்கு அடிக்கும் வாய்ப்பு. கோல் ஆகியிருக்கும் என்று நடுவர் கருதினால் பெனால்ட்டி ஸ்ட்ரோக், கீப்பர் மட்டும் எதிரே நிற்க ஒருவர் அடிப்பது.

ரிவர்ஸ் டேக்கிளுக்கு, அதாவது இடப்பக்கம் பந்தைப் பறிப்பதற்கு, இருபது நிமிடம்தான் ஒதுக்குகிறார்கள். குறைவு என்று சில பெற்றோர்கள் முணுமுணுத்தார்கள். எங்களுக்கு அது சரியென்றே படுகிறது. இடப்பக்கம் கடந்துபோகிறவனிடம் ஒற்றைக் கையால், மட்டையைக் கவிழ்த்துப் பிடித்துப் பந்தைத் தட்ட, முதலில் அவனுக்கு இணையாக ஓடி அரையடி முந்தியிருக்க வேண்டும். பின்னாலிருந்து கை நீட்டினால் கால் தடுக்கும், ஃபவுல். கால் வேகம் வராத பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதை அதிகம் பழக்கினால் தவறான பழக்கம்தான் ஒட்டிக்கொள்ளும்.

இதுவரை குறை சொல்ல அதிகம் இல்லை. ஐந்தாவது வாரத்தில் தொடங்குகிறது.

“எதிராளியை எப்போதும் வெளியே தள்ளு, கோட்டுப் பக்கம் அனுப்பு” என்று எல்லாருக்கும் ஒரே விதியைச் சொல்கிறார்கள். வலது பேக்குக்கு (பின்வரிசையில் வலப்பக்கம் நிற்பவருக்கு) அது பொன்னான விதி. ஹாக்கியில் இடதுகை மட்டை கிடையாது, எல்லாரும் பந்தைத் தம் வலப்பக்கம்தான் வசதியாக ஆடுவார்கள். நம் வலது ஓரமாக வருகிற எதிரணி இடது விங்கரை (ஓரமாக முன்னேறி ஆடுபவரை) வெளியே அனுப்பினால் அவர் நம் வலப்பக்கம், அதாவது மட்டைக்கு வசதியான பக்கம் வந்து மாட்டுகிறார். கோடும் நம் கூட்டாளி, மட்டையும் நம் கூட்டாளி.

இடது பேக்கின் கதை வேறு. அவருக்கு எதிரே வருவது வலது விங்கர். வெளியே அனுப்பினால் அந்த விங்கர் நம் இடப்பக்கம், ரிவர்ஸ் பக்கம் போவார். பந்தோ அவருக்கு வலப்பக்கம், நமக்கு எட்டாத தொலைவில். “வெளியே தள்ளு” என்ற விதியும் “உன் வலப்பக்கம் வாங்கு” என்ற விதியும் இங்கே ஒன்றையொன்று வெட்டுகின்றன. இதைச் சொல்லாமல் இடது பேக்கை நிறுத்தினால், அந்தப் பிள்ளை வாரா வாரம் தோற்றுவிட்டு, தனக்குத்தான் ஆட வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். 1980 மாஸ்கோ தங்கம் வென்ற அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன் ஆடியது இடது ஹாஃப், அதே இடப்பக்கத்தில் பேக்குக்குச் சற்று முன்னே. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தின் பெருமையை எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. அந்த இடத்தின் கஷ்டத்தையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம்.

தீர்வு இல்லாமல் இல்லை. உள்ளே சென்டர் பேக் துணைக்கு நிற்கிறாரா என்பதைப் பொறுத்தது அது. நின்றால், இடது பேக் வெளிப்பக்கத்தை அடைத்து நின்று விங்கரை உள்ளே வரவிட வேண்டும். அப்போது பந்து நம் வலப்பக்கம் வரும், தவறினாலும் பின்னால் ஆள் உண்டு. துணை இல்லையென்றால் உள்ளே விடவே கூடாது. வெளியே அனுப்பி, டேக்கிள் போடாமல் கூடவே ஓடி, அவர் பின்கோட்டை நெருங்கி வேகம் குறைத்து உள்ளே திரும்பப் பார்க்கும் இடத்தில்தான் மட்டையை வைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம். எட்டு வாரத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

இதையொட்டியதுதான் பெரிய குறையும். தடுப்பாட்டம் என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை. ஒருவர் நெருக்குவார், மற்றவர் ஐந்தாறு மீட்டர் பின்னால், சற்று உள்வாங்கி, மூலைவிட்டமாக நிற்பார். இருவரும் ஒரே கோட்டில் நின்றால் ஒரே பாஸில் இருவரும் காலி. முன்னே நிற்பவர் திரும்பிப் பார்க்க முடியாது, பின்னால் இருப்பவர்தான் அவருக்குக் கண். “இடப்பக்கம் அடை”, “நில்லு”, “நான் இருக்கேன், போ” என்று வாய் ஓயக் கூடாது. இந்தக் கூப்பாட்டுக்கு ஆறாவது வாரத்தில் அரை மணி நேரம் மட்டுமே. அதிலும் பாதி நேரம் மொழிக் குழப்பத்தில் போனது. தமிழில் இட, வல என்றால் கன்னடத்தில் எட, பல. அக்கா தங்கை மாதிரி இருப்பதால் தமிழ், கன்னடப் பிள்ளைகளுக்குள் சிக்கலே இல்லை. இந்தி பேசும் பிள்ளைகள்தான் விழித்தார்கள். முதல் நாளே லெஃப்ட், ரைட், ஹோல்ட் என்று மூன்று சொற்களை எல்லாருக்கும் பொதுவாக முடிவுசெய்திருந்தால் தீர்ந்தது.

அந்த வாரத்தில் மனத்தில் நிற்பது ஒரு வீடியோப் பாடம். 2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி, பிரிட்டன் அணியோடு. மட்டை உயர்ந்து எதிராளியின் முகத்தில் பட்டதற்காக 17ஆவது நிமிடத்தில் அமித் ரோகிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மிச்சம் 40 நிமிடத்துக்கு மேல் இந்தியா பத்துப் பேரோடு ஆடி, 1-1 என்று முடித்து, ஷூட்-அவுட்டில் 4-2 என வென்றது. அடுத்த ஆட்டத்துக்கும் தடை விழுந்ததால் ஜெர்மனியோடு நடந்த அரையிறுதியில் ரோகிதாஸ் இல்லை, 2-3 என்று தோற்றோம். பயிற்சியாளர் படத்தை நிறுத்தி நிறுத்தி ஒன்றைக் காட்டுகிறார்: ஆள் குறைந்தபின் ஆளுக்கு ஆள் பிடிக்க முடியாது, டி-க்கு முன்னால் உள்ள இடத்தைத்தான் காக்க முடியும், ஒருவர் நகர்ந்தால் அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர் நகர வேண்டும். நல்ல பாடம். அதைக் கையோடு மைதானத்தில் ஐந்து பேருக்கு நான்கு பேர் என்று ஆடவைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். படம் முடிந்ததும் மறுபடி ஒற்றைக்கு ஒற்றைக்குப் போய்விட்டார்கள்.

மார்க்கிங், அதாவது எதிராளியை ஒட்டி நின்று காக்கும் பாடம், சுருக்கமாக, சரியாக இருந்தது. பந்தும் ஆளும் ஒரே பார்வையில் தெரியும்படி, கோலுக்கும் ஆளுக்கும் நடுவே, பந்து வரும் பக்கம் ஒரு காலடி முன்னே. டி-க்கு வெளியே இரண்டு மூன்று மீட்டர் விட்டு நிற்கலாம். டி-க்குள் கை தொடும் தூரம், மட்டை தரையில். பந்தையே வேடிக்கை பார்ப்பவனுடைய ஆள்தான் கோல் போடுவான்.

விதிகளைச் சொல்லித்தருவதில் இவர்களுக்கு முழு மதிப்பெண். பிள்ளைகளுக்கு ஆபத்து வந்தால் பந்தைப் பின்கோட்டுக்கு வெளியே தள்ளும் பழக்கம் உண்டு, தெரு கிரிக்கெட்டிலிருந்து வந்ததோ என்னவோ. ஹாக்கியில் வேண்டுமென்றே அப்படிச் செய்தால் பெனால்ட்டி கார்னர். தெரியாமல் பட்டுப் போனால் மட்டும் 23 மீட்டர் கோட்டிலிருந்து எதிரணி தொடங்கும். அதே 23 மீட்டர் பகுதிக்குள், டி-க்கு வெளியே ஆனாலும், தெரிந்தே ஃபவுல் செய்தால் அதுவும் பெனால்ட்டி கார்னர்தான். டி-க்குள் பந்து காலில் பட்டால் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு பயிற்சி ஆட்டத்திலும் ஒருவர் விசிலோடு நின்று இதையெல்லாம் கறாராக ஊதுகிறார்.

பந்து கிடைத்தபின் என்ன செய்வது? “கிளியர் பண்ணு”, அதாவது பந்தை அங்கிருந்து அகற்று, என்பதோடு பாடம் முடிகிறது. படுத்த மட்டையில் பந்து கிடைக்கும்போது நம் முழங்கால் தரையில், எதிராளி ஓரடித் தூரத்தில். அங்கேயே ஓங்கி அடித்தால் அவன் மட்டையில் பட்டுத் திரும்பி வரும். முதல் தொடுதலில் பந்தைக் கோட்டுப் பக்கம் இரண்டடி நகர்த்தி, எழுந்து, இரண்டாவது தொடுதலில் ஓரமாக மேலே தள்ள வேண்டும். நம் டி-க்கு முன்னால் குறுக்கே பாஸ் கொடுக்கவே கூடாது. பறிகொடுத்தால் அடுத்தது நேராகக் கோல்தான். நன்றாகப் பறித்துவிட்டு அடுத்த விநாடியே திருப்பிக் கொடுத்த காட்சியைக் கடைசி வாரம் வரை பார்க்க முடிந்தது.

எட்டாவது வாரம் பெனால்ட்டி கார்னர் தடுப்பு. இதற்கு ஒரு மணி நேரம் போதவே போதாது. கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் பின்கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம், மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால். டி-யின் உச்சி கோல் கோட்டிலிருந்து 14.63 மீட்டர். பந்து உள்ளே தள்ளப்படும் அந்தக் கணத்தில்தான் ஓட வேண்டும். முந்தி ஓடினால் அந்த ஆளை நடுக்கோட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், மாற்று ஆள் கிடையாது. முதல் அடி ஹிட்டாக இருந்தால் கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஆனால் ஃப்ளிக்குக்கு (மட்டையால் பந்தைத் தூக்கி எறிவதற்கு) அந்த வரம்பு இல்லை. அதனால்தான் முதலில் ஓடுபவரின் வேலை இவ்வளவு பயங்கரமானது. அவர் கீப்பரோடு முன்பே பேசிவைத்து ஒரு பக்கத்தை அடைக்க வேண்டும், மறுபக்கம் கீப்பருடையது. கீப்பரின் கண்ணை மறைக்கும் கோட்டில் ஓடினால் ஓடாமல் இருப்பதே மேல். அடிப்பவருக்கு ஐந்து மீட்டருக்குள் ஓடுபவரின் முழங்காலுக்குக் கீழே பட்டால் இன்னொரு பெனால்ட்டி கார்னர். இயல்பாக நிற்கும்போது முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் அது ஆபத்தான ஷாட், தடுக்கும் அணிக்கு ஃப்ரீ ஹிட்.

இவ்வளவையும் வாயால் தெளிவாகச் சொன்னார்கள். ஆனால் ஓடுபவர்கள் நான்கு பேருக்கு முகக்கவசம் இரண்டுதான். மற்ற இருவர் வெறும் முகத்தோடு கோல் கம்பத்தில் நின்றார்கள், அதுவும் நிஜப் பந்தை வைத்து. இதை மன்னிக்க முடியாது. கவசம் வாங்கும்வரை மென்பந்து வைத்துப் பழக்கலாம், இல்லை ஓட்டத்தை மட்டும் பந்தில்லாமல் பழக்கலாம். உங்கள் பிள்ளை அந்த வாரம் போகிறதென்றால் முகக்கவசத்தை நீங்களே வாங்கிக் கொடுத்தனுப்புங்கள், இல்லாவிட்டால் ஓடச் சொன்னால் மறுக்கச் சொல்லுங்கள்.

மட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. டிஃபெண்டருக்குக் கனமான மட்டை வேண்டும் என்று வகுப்பில் பொதுவாகச் சொல்கிறார்கள். விதி 737 கிராம் வரை அனுமதிக்கிறது என்பது உண்மை, ஆனால் பதின்மூன்று வயது மணிக்கட்டு கனமான மட்டையை ஒற்றைக் கையால் இருபது முறை ஜாப் செய்தால் சோர்ந்து, மட்டையின் தலை தூக்கிவிடும். கடையில் வாங்கும் முன் பிள்ளையை இடது கையால் மட்டும் பிடித்து நீட்டி, பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். மட்டையின் தலை ஆடினால் அதைவிட எடை குறைந்ததைக் கேளுங்கள்.

ஒற்றைக்கு ஒற்றை ஆட்டம் தடுமாறும் பிள்ளைக்கு இந்தக் கட்டணம் முழுக்கத் தகும், முதல் நான்கு வாரமே பணத்துக்கு ஈடு. ஏற்கெனவே பள்ளி அணியில் ஆடும், டேக்கிள் தெரிந்த பிள்ளைக்கு அவ்வளவு கிடைக்காது. சேர்க்கும்போது இடது பக்கம் ஆடும் பிள்ளை என்றால் அதை முதல் நாளே சொல்லி, ஐந்தாவது வாரம் தனியாகப் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். இளைய பயிற்சியாளர் கேட்டால் மறுக்காமல் நின்று சொல்லித்தருகிறார். தண்ணீர் வைப்பதில்லை, ஒன்றரை லிட்டர் பாட்டில் கொடுத்தனுப்புங்கள்.